பகலெல்லாம் இதர

இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கறீங்களா அம்மிணி? கனமில்லீங்க, சாப்பாட்டு டப்பாதான். அந்த ஸ்வெட்டரை ஓரமாத் தள்ளிட்டு நிமித்தி வெச்சுக்குங்க, சாய்ஞ்சா எண்ணெய் வழிஞ்சிரும். நான் சரவணம்பட்டியில எறங்கறப்போ வாங்கிக்கறேன். நீங்க அதைத் தாண்டித்தான் போவீங்களாட்ட இருக்குது. நல்லது.

யப்பா, என்ன கூட்டம். இத்தனை பேரு காலங்காத்தால எங்கீங்க போறாங்க? கிண்டலுக்குக் கேக்கலீங்க, நெசமாத்தான் கேக்கறேன். இந்த ரோட்டை இந்த வெளிச்சத்துல பாத்து பல வருஷமாச்சு. நான் வேலைக்குக் கெளம்பறப்போ கடைக்காரங்க ஷட்டரை எறக்கிட்டிருப்பாங்க. திரும்பி வர்றப்போ பால்காரரும் நானும்தான். ராத்திரி வேலைங்க. இன்னிக்கு என்னமோ புதுசா, பகல்ல வான்னு உத்தரவு. என்னைய! பகல்ல!

வாட்ச்மேனா? அதானே, எல்லாரும் அதையேதான் கேப்பாங்க. மூஞ்சி அப்படி. இல்லீங்க, கம்ப்யூட்டர் வேலை. சென்னியப்பன்னு பேரு. ஏன், பேரைக் கேட்டதும் அப்படித் திரும்பிப் பாக்கறீங்க? பழைய பேருதான், எங்க அப்பனுக்கு வேற பேரு கிடைக்கல. கம்ப்யூட்டர்ல உக்கார்றவன்னா அஸ்வின், கௌதம்னுதான் இருக்கணுமா? அப்படிப் பேரு வெச்சவன் ஒருத்தனும் உருப்படியா ஒரு ஜோடி சேத்து நான் பாத்ததில்ல.

ஜோடின்னா, சொல்றேன் இருங்க. எங்க கம்பெனியில கட்டடத்துக்கு இரும்புச் சட்டம் வரைவாங்க. அமெரிக்காவுல எவனோ கட்டற கட்டடத்துக்கு எந்தத் தூண்ல எத்தனை போல்ட்டு, எந்த உத்தரம் எங்க சேருதுன்னு இங்க கோயமுத்தூர்ல உக்காந்து வரையறாங்க. வரையறவன் வரைஞ்சு முடிச்சிட்டு, இன்னிக்கு இந்த வேலைக்கு இவ்வளவு நேரம் ஆச்சுன்னு ஒரு சாஃப்ட்வேர்ல பதியணும். அது நேரத்துக்கு. பில் போடறதுக்கு வேற ஒரு சாஃப்ட்வேர், அது கணக்குக்கு. ரெண்டும் ஒரே ஆபீசுலதான் இருக்குது, ஆனா பங்காளிக மாதிரி, ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை கிடையாது. நேரத்துல ‘பெரிய குடோன்’னு பதிஞ்சிருப்பான். கணக்குல அதே குடோன் ஒரு வெள்ளைக்காரன் பேருல, நம்பரும் எழுத்துமா வேற வேஷத்துல இருக்கும். இதுதான் அது, அதுதான் இதுன்னு யாராவது சேத்து வெக்கணுமில்ல? மேப்பிங்னு சொல்லுவாங்க. கல்யாணத் தரகர் வேலைன்னு வெச்சுக்குங்களேன். ஜோடி மாறிப்போச்சுன்னா பள்ளிக்கூடம் கட்டறவனுக்கு ஜெயில் கட்டின பில்லு போயிரும்.

அந்தத் தரகர்தான் நான். யாரும் சொல்லிக் குடுக்கல, நானாக் கத்துக்கிட்டது. யூபிஎஸ்ஸைப் பாத்துக்கறதுக்குத்தான் என்னைச் சேத்தாங்க. ராத்திரி கரண்ட் போச்சுன்னா ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டணும், அவ்வளவுதான் வேலை. சும்மா உக்காந்திருக்கறது நமக்கு ஆகாது. பில் போடற பையன் திணறிட்டிருந்தான், எட்டிப் பாத்தேன், புரிஞ்சுபோச்சு. அவன் வேலையை விட்டுட்டு பெங்களூர் போனான். நான் அவன் நாற்காலியில உக்காந்தேன். உக்காருன்னும் யாரும் சொல்லல, எந்திரின்னும் யாரும் சொல்லல.

இதுல ஒரு கூத்து இருக்குதுங்க. நேரம் பதியறப்போ வேலைகளோட பேரெல்லாம் பட்டியலா விழும், அதுல ஒண்ணைத் தொடணும். இங்கிலீஷ் எழுத்து வரிசைங்கறதால மொதல்ல நிக்கறது ‘ஆரன் சர்ச்’. எப்பவோ கட்டி முடிச்ச சர்ச்சு, அங்க கல்யாணம் பண்ணினவன் பேரன் பேத்திகூட எடுத்திருப்பான். ஆனா எங்காளுகளுக்கு விரலைக் கீழே எறக்கவே வலிக்கும். அவசரமா, ஆரன் சர்ச். மறந்துபோச்சா, ஆரன் சர்ச். வீட்டுக்குக் கெளம்பணுமா, ஆரன் சர்ச். மாசக் கடைசியில பாத்தா அந்தச் சர்ச்சுக்கு நம்ம ஊரே திரண்டுபோய் சுவர் வெச்ச மாதிரி நேரம் குமிஞ்சு கெடக்கும். அதை அப்படியே பில்லாப் போட்டா பாதிரியார் மயங்கி விழுந்திருவாரு.

அதை எடுத்து ஒழுங்கா பிரிச்சுப் போட்டது நான். எவன் எந்த வேலையைச் செஞ்சிருப்பான்னு யோசிச்சு, அததுக்கு அனுப்பிருவேன். வேலையே செய்யாதவன் நேரத்தை என்ன செய்யறது? அதுக்குன்னே கணக்குல ஒரு தொட்டி இருக்குது. ‘இதர’. அதுல போட்டா யாருக்கும் பில்லு போகாது. சும்மா இருந்த நேரம், அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பேனா? நல்லாக் கேட்டீங்க. சீட்டைப் பாத்தாத் தெரியாதுங்களா? நான் உள்ள நுழையறப்போ எவன் சீட்டுல உக்காந்திருக்கானோ அவன் வேலைக்காரன். காலியாக் கெடந்துச்சுன்னா இதர.

பகல் ஷிப்டா? ஆமாங்க, ஒண்ணு இருக்குது, பேருக்கு. நீங்களே சொல்லுங்க, பகல்ல என்ன வேலை நடக்கும்? நமக்குப் பகல்னா அமெரிக்காக்காரனுக்கு ராத்திரி. அவன் போர்த்திட்டுத் தூங்கறப்போ இவங்க யாருக்கு வரையறாங்க? நான் போறப்போ பாக்கறனே, மேசை பூரா கேக்கு கிரீம், மிக்சர் தூள், பலூன் ஒண்ணு காத்துப் போயித் தொங்கும். தெனமும் எவளுக்காவது பொறந்த நாளு. அந்தக் கிரீமை டிஷ்யூ வெச்சுத் தொடைச்சிட்டுத்தான் நான் என் வேலையையே ஆரம்பிப்பேன்.

அதுலயும் ஒருத்தி இருக்கறா பாருங்க, கோகிலவாணின்னு. செக்கராம். மத்தவங்க வரைஞ்சதுல தப்புக் கண்டுபிடிக்கறதுதான் வேலையாம். இது ஒரு வேலை! என் மாமியாரு சம்பளமில்லாமச் செஞ்சாங்க. இத்தனை வருஷத்துல ஒரே ஒரு நாள்கூட அவ அந்தச் சீட்டுல உக்காந்து நான் பாத்ததில்லீங்க. ஒரே ஒரு நாள்! எப்பப் போனாலும் நாற்காலி காலி. முதுகுல ஒரு ஊதா ஸ்வெட்டர் மட்டும் தொங்கும். நீங்க வெச்சிருக்கீங்களே, அச்சு அசல் இதேதான். திருப்பூர்க்காரன் ஒரே கலர்ல லட்சக்கணக்குல அடிச்சு ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் மாட்டி விட்டுட்டான்போல. அவ ஸ்வெட்டர்ல ஒரு பட்டன் உடைஞ்சு, வெள்ளைப் பட்டனாத் தெச்சிருப்பா. ஊதாவுக்கு வெள்ளை! சொந்த ஸ்வெட்டர்ல பட்டன் பொருந்தலைங்கறதே கண்ணுல படாதவ, ஊரான் கட்டடத்துக்கு போல்ட்டு பொருந்துதான்னு பாக்கறாளாம்.

ஏனுங்க, ஸ்வெட்டரை மடிச்சுப் பைக்கடியில வெக்கறீங்க? கசங்கிராதா? சரி, உங்க இஷ்டம்.

கொஞ்சம் முன்னால நகருங்க தம்பி, பின்னாடி எடம் கெடக்குதுன்னு அந்தக் கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தறாரில்ல. பாருங்க, காதுல எதையோ சொருகிட்டு நிக்கறான். இவனும் ஏதோ ஒரு ஆபீசுல பகல் ஷிப்டாத்தான் இருப்பான்.

எங்க விட்டேன்? ஆங், அவ. அவ நேரத்தைத் திறந்தா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே ஆரன் சர்ச். வேற பேரே கிடையாது. பக்கத்துல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல என்னமோ பத்தி பத்தியா எழுதி வெச்சிருப்பா. என்ன எழுதியிருந்தாளா? யாருக்குத் தெரியும்? அதையெல்லாம் நான் படிக்கறதில்லீங்க. வேலை செய்யறவன் ஒரு வார்த்தையில சொல்லிருவான், செய்யாதவன்தான் கதை எழுதுவான். மொத்தமா அள்ளி இதரவுல போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். மாசா மாசம்.

எங்க தங்கவேலுவைப் பாருங்க, ராத்திரி ஷிப்டு. எப்பப் போனாலும் சீட்டுல இருப்பான். காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, சாஞ்சு உக்காந்து, கண்ணை மூடிக்கிட்டு, அப்படி ஒரு யோசனை. விடியற வரைக்கும் அசைய மாட்டான். கட்டடம் வரையறதுன்னா சும்மாவா? ஆரன் சர்ச்சுல இருந்து எடுக்கற நேரத்துல கொஞ்சத்தை அவன் வேலைக்குச் சேத்து விடுவேன். பாவம், பதியக்கூட நேரமில்லாம யோசிக்கறான். அவன்தான் இப்ப டீம் லீடு. என் கண்ணு பொய்யாப் போகல பாத்தீங்களா?

இப்படி நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. ஒரு நாள் மேனேஜர் விக்னராஜுக்கு ஞானம் பொறந்துருச்சு. புதுசா ஒரு இணைப்பு வாங்கியிருக்காங்களாம். அதை மாட்டினா நேரமும் கணக்கும் தானாப் பேசிக்குமாம், ஜோடி அதுவே சேத்துக்குமாம். தரகர் வேண்டாம்! இத்தனை வருஷம் நான் தலையில சுமந்ததை ஒரு தகரப் பொட்டி சுமந்துருமாம். சரி, மாட்டிப் பாருங்கன்னேன். எரிஞ்சு சாம்பலாகும்னு நெனச்சேன். எரியல.

அப்பப் பாத்து அந்தக் கோகிலவாணி அவன்கிட்டப் போயி நின்னிருக்கா. ரெண்டு தடவை டீம் லீடு பதவி எனக்கு வர வேண்டியது, ரெண்டு தடவையும் நீங்க சும்மாவே இருந்தீங்கன்னு சொல்லித் தட்டி விட்டாங்க, நான் எங்க சும்மா இருந்தேன்னு காட்டுங்கன்னு கேட்டிருக்கா. கேள்வியைப் பாருங்க! உடனே இவங்களும் தோண்டியிருக்காங்க.

நேத்து சாயங்காலம் விக்னராஜு என்னை அறைக்குள்ள கூப்பிட்டான். செவுத்துல பெரிய ஸ்கிரீன். ஒரு பக்கம் நான் போட்டது, இன்னொரு பக்கம் தகரப் பொட்டி போட்டது.

“அண்ணா, கோகிலவாணி நேரத்தை முழுக்க இதரவுல போட்டிருக்கீங்களே, எதை வெச்சுங்ணா போட்டீங்க?”ன்னான்.

“சீட்டுல ஆளே இருக்கறதில்லீங்களே சார்”ன்னேன்.

“நீங்க எப்பப் பாத்தீங்க?”

“நான் வர்றப்போதான் சார். தவறாமப் பாப்பேன்.”

அப்புறம், “இப்படிப் பிரிக்கச் சொல்லி உங்களுக்கு யாருங்ணா சொன்னது?”ன்னான்.

“யாரும் சொல்லல சார். நானாத்தான்”னேன்.

ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டான். பாவம், தலைவலி. பகல்ல வேலை செய்யறவனுக்கு வெளக்கு வெச்சதுக்கப்புறம் மூளை ஓடாதுங்க. அது அவன் தப்பில்ல, பழக்கம்.

அப்புறம் சொல்றான், அவ ஒரே நாள்ல ஏழெட்டு வேலைக்கு மாறி மாறிப் பாக்கறாளாம், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாப் பேரு தொட முடியாம மொதல் பேரைத் தொட்டுட்டு, எது எதுக்கு எவ்வளவுன்னு குறிப்புல எழுதி வெச்சாளாம். அப்படிச் செய்யச் சொன்னதே இவன்தானாம். சொன்னியே, எங்கிட்டச் சொன்னியா? ராத்திரியில முழிச்சுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருக்கானேன்னு எவனுக்காவது நெனப்பு வந்துச்சா? வராது. பகல்ல சுத்தறவனுக்கு ராத்திரியில ஆளு இருக்கறதே தெரியாதுங்க. கண்ணுல படாததெல்லாம் இல்லைன்னு நெனச்சுக்கறாங்க. அந்தப் புத்தியைத்தான் நான் சொல்றேன்.

ஏன் அம்மிணி சிரிக்கறீங்க? இல்லையா? இருமலா? சரி, தண்ணி இருந்தாக் குடிங்க.

கணபதி வந்துட்டோம், சிக்னல் போட்டுட்டான். இனி இங்கயே குடியிருக்கணும்.

இப்ப கதை என்னான்னா, இன்னிக்குப் பத்து மணிக்கு நான் அவ முன்னாடி போய் நிக்கணும். தகரப் பொட்டி வந்துட்டதால ராத்திரியில என் வேலை இல்ல. பகல்ல ஒரே ஒரு எடம் இருக்குதாம், செக்கருக்கு உதவியா. அவளுக்கு! அவ தப்புன்னு வட்டம் போட்டதை நான் பட்டியல் எடுக்கணும். அதுவும் சும்மா கிடையாது. இந்தாளை எங்கிட்ட வெச்சுக்கறேன்னு அவ வாய் தொறந்து சொல்லணுமாம். சொன்னா வேலை. வேண்டாம்னுட்டா வீடு. என் பொழப்பு, மூஞ்சி தெரியாத ஒருத்தி நாக்குல வந்து தொங்குது பாருங்க.

வேற கம்பெனியா? போலாம், தாராளமாப் போலாம். வாசல்லயே என்ன படிச்சிருக்கீங்கன்னு கேப்பான். நானாக் கத்துக்கிட்டதுக்கு எவன் கையெழுத்துப் போட்டுக் குடுப்பான்? வயசைக் கேப்பான். அப்புறம் யூபிஎஸ் பாத்துக்கறீங்களான்னு கேப்பான். மறுபடியும் அந்த ஸ்விட்சுக்கிட்டப் போய் உக்கார முடியாதுங்க என்னால. உக்காந்தா செத்துருவேன்னு இல்ல. உக்காந்துருவேன், அதுதான் பயம்.

சொன்னாப் புரியாது. மூணாவது மாடி ஜன்னல்ல நின்னா ஊரே அணைஞ்சு கெடக்கும். நம்ம ஒருத்தன்தான் முழிச்சிருக்கோம், நம்ம பாத்து வெச்சாத்தான் விடியும்னு ஒரு... விடுங்க. கிறுக்குத்தனம்.

வீட்டுல துளசிமணி, அதாங்க என் சம்சாரம், ராத்திரி பூராவும் பாடம். “மூஞ்சியே பாக்காத பொண்ணு மேல உங்களுக்கு அப்படி என்னங்க கோவம்?”ங்கறா. “கோவமில்லடி, கணக்கு”ங்கறேன். “போய் மன்னிப்புக் கேளுங்க”ங்கறா. அவளுக்கு என்ன தெரியும்? நான் தூங்கி எந்திரிக்கறப்போ சாயங்காலம் ஆயிருக்கும். அவ டிவி முன்னாடி காலை நீட்டி உக்காந்திருப்பா. என்னைக்குப் பாத்தாலும் அதே கோலம். தையல் மிஷின் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், அதையும் தொடறதில்லைன்னு நெனச்சிட்டிருந்தேன்.

இன்னிக்குக் காலையில முழிப்பா இருந்தேனா, பாக்கறேன், மிஷினையே காணோம். எங்கடின்னா, பக்கத்து வீட்டுக் கமலவேணி வாசல்ல கெடக்குதாம். “நீங்க தூங்கறப்போ சத்தம் கேக்கும்னு அங்க கொண்டுபோயிப் போட்டு எவ்வளவோ வருஷமாச்சு. தெருவுல பாதிப் பொம்பளைங்க போடற ஜாக்கெட்டு நான் தெச்சதுதான், உங்களுக்குத் தெரியாதா?”ங்கறா. எப்படித் தெரியும்? எங்கிட்டச் சொல்லணுமில்ல? என் வீட்டு மிஷின் ஊரான் வாசல்ல ஓடியிருக்குது, எனக்குத் தெரியல. இதை எங்க போயிச் சொல்ல?

போதாக்குறைக்கு விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு சந்தகை பிழிஞ்சிருக்கா. எலுமிச்சை சந்தகை. அது என்ன பாடுன்னு உங்களுக்கே தெரியும், அரிசியை ஊறப்போட்டு, ஆட்டி, வேக வெச்சு, சூட்டோட பிழியணும், தோள்பட்டை கழண்டு போயிரும். ரெண்டு டப்பாவுல போட்டிருக்கா. நீல டப்பா எனக்கு, பச்சை டப்பா அந்த மகாராணிக்கு. “நீங்க வாயைத் திறந்தா காரியம் கெட்டுரும். ஒண்ணும் பேசாதீங்க. இதைக் கையில குடுத்துட்டு நில்லுங்க, மீதியை அந்தப் பொண்ணு பாத்துக்கும்”ங்கறா. எப்படி இருக்குது பாருங்க கதை! நான் ஒரு கம்பெனியோட கணக்கையே ஒத்தை ஆளாத் தாங்கினவன், இவ சந்தகையைக் குடுத்து என்னைத் தூக்கி நிறுத்தறாளாம்.

குடுக்கப் போறதில்லீங்க. ரெண்டையும் நானேதான் தின்னப் போறேன். போவேன், நிமிந்து நிப்பேன். “அம்மா, நான் பாத்ததை வெச்சுத்தான் போட்டேன், பாக்காததுக்கு நான் பொறுப்பில்ல. வெச்சுக்கறதுன்னா வெச்சுக்க, இல்லைன்னா விட்டுரு”ன்னு பட்டுன்னு சொல்லிருவேன். ஆங்? அப்படிச் சொன்னா வெச்சுக்குவாளான்னா கேக்கறீங்க? நீங்கன்னா என்ன பண்ணுவீங்க?

என்னங்க, ஜன்னலையே பாத்துட்டு இருக்கீங்க.

நீங்களும் நெனப்பீங்க, இவன் என்ன இப்படிப் பேசறான்னு. ராத்திரியில பேசறதுக்கு ஆளு கெடையாதுங்க. தங்கவேலு யோசனையில இருப்பான். பகல்ல அவங்கவங்க வேலைக்குப் போயிருவாங்க. போயிருவாங்கன்னா... சரி, எங்கயோ போயிருவாங்க. இந்தக் கூட்டத்தைப் பாத்தா, எல்லாரும் வேலைக்குப் போற மாதிரிதான் தெரியுது.

சரவணம்பட்டி வந்துருச்சு. தள்ளுங்க, எறங்கணும். அம்மிணி, அந்தப் பையை... அட, நீங்களும் இங்கதான் எறங்கறீங்களா? பாத்து, படியில பாத்து. பை இருக்கட்டும், எறங்கிட்டே வாங்கிக்கறேன்.

நீங்களும் இந்தக் கட்டடமா? மூணாவது மாடியா? அட, எங்க ஆபீசேதானுங்களா? மொதல்லயே சொல்றதுக்கு என்ன! நல்லதாப் போச்சு. அப்ப எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. உள்ள போனதும் அந்தக் கோகிலவாணி யாருன்னு தள்ளி நின்னு கையை மட்டும் காட்டி விட்டுருங்க, போதும். சீட்டு தெரியும். மூஞ்சிதான் தெரியாது.

ஏனுங்க நின்னுட்டீங்க? பையை ஏன் திறக்கறீங்க? எந்த டப்பாவா? அதான் சொன்னேனே, நீலம் என்னுது, பச்சை அவளுக்கு.

அம்மிணி... அம்மிணி, அந்தப் பச்சை டப்பா அவளுதுங்க.